படகோட்டி டாக்டர் பால் ஓடோனவன்: நம் அனுபவங்கள்

கார்க்கிலிருந்து:

அயர்லாந்தின் படகோட்ட வீரர் பால் ஓடோனவன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு நோயாளியின் வாயிலிருந்து. 2021 ஜூலை 29, அதிகாலை இரண்டு மணி இருக்கும். நான் செவிலியர். அயர்லாந்தின் கார்க் நகரில், எனக்கு வார்டில் அன்று இரவுப் பணி. மேற்குக் கார்க்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர், எண்பதை நெருங்கியவர், கைப்பேசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். "டோக்கியோ ஒலிம்பிக்கில் எங்கள் ஊர்ப் பையன்கள் இறங்கப் போகிறார்கள் சிஸ்டர், பத்து நிமிடம் மட்டும் தூங்கச் சொல்லாதே" என்று கெஞ்சினார். ஒலியை நிறுத்திவிட்டு, கட்டிலோரம் நின்று நானும் பார்த்தேன்.

ஒரு படகில் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு, 2,000 மீட்டர். பாதித் தூரம்வரை ஜெர்மனிதான் முன்னால். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் அசையவில்லை. "பொறு, பால் இனிமேல்தான் தொடங்குவான்" என்றார். அப்படியே நடந்தது. பாலும் ஃபின்டன் மெக்கார்த்தியும் 6 நிமிடம் 6.43 விநாடியில் முடித்தார்கள். படகோட்டத்தில் அயர்லாந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். போர்வையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர் சொன்னார்: "இந்தப் பையன் இதே ஊரில்தான் டாக்டருக்குப் படிக்கிறான். அடுத்த தடவை நான் வந்து படுத்தால் அவன்கூட வந்து பார்க்கலாம்."

அந்தச் செப்டம்பரில் புதிய மாணவர்கள் வார்டுக்கு வந்தபோது, ரத்தம் எடுக்கத் தடுமாறிய ஒருவனிடம் வழக்கத்தைவிடப் பொறுமையாக நடந்துகொண்டேன். பெரியவரின் ஆசை ஏனோ மனதில் நின்றுவிட்டது.

டப்ளினிலிருந்து:

நானும் ஒரு பட்டம் முடித்த பிறகே மருத்துவத்தில் சேர்ந்தவன். அதனால் பாலின் கதை எனக்கு மிகவும் நெருக்கம். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிசியோதெரபி படித்தார். அதன்பின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம். வார்டும் தேர்வும் சேர்ந்து அழுத்திய ஆண்டுகளில் நான் நடைப்பயிற்சியையே விட்டுவிட்டேன். அவரோ அதே காலத்தில் உலகப் பட்டங்களை வென்றுகொண்டிருந்தார்.

ஒரு குளிர்கால விடியலில் கார்க்குக்கு மேற்கே இனிஸ்கரா ஏரிக்குப் போயிருந்தேன். தேசியப் படகோட்ட மையம் அங்கேதான் இருக்கிறது. மூடுபனிக்குள் படகு கண்ணில் படவில்லை. துடுப்புகள் ஒன்றாக நீரில் இறங்கும் ஓசை மட்டும் சீராக வந்தது. ஓட்டியவர்கள் யாராகவும் இருக்கட்டும். அரை மணி நேரம் நின்று கேட்டேன். அன்று அறைக்குத் திரும்பியதும், ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட சிறுநீரகப் பாடத்தைத் திறந்தேன்.

லண்டனிலிருந்து:

போன கோடையில் மேற்குக் கார்க்கில் உள்ள ஸ்கிபரீன் ஊருக்குப் போனோம். பால் வளர்ந்த லிஷீன் அதற்குப் பக்கத்தில்தான். ஐலன் ஆற்றங்கரையில் உள்ள அபேஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்துக்கு முதலில் போனோம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மாண்ட எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பெயரில்லாமல் பொதுக் குழிகளில் புதைத்த இடம். இப்போது புல் மூடியிருக்கிறது. அங்கே என் மகள் பேசவே இல்லை.

அதே ஆற்றில்தான் 1970இல் தொடங்கிய ஸ்கிபரீன் படகோட்டக் கழகத்தின் பிள்ளைகள் பழகுகிறார்கள். பாலும் அண்ணன் கேரியும் இங்கிருந்து போய், 2016 ரியோவில் வெள்ளி வென்றார்கள். படகோட்டத்தில் அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். உத்தி என்ன என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு நாய் மாதிரி இழுப்பதுதான் என்று பால் சொன்னது நாடு முழுவதும் பரவியது.

மீண்டும் கார்க்கிலிருந்து:

2024 ஆகஸ்ட் 2, பாரிஸ் இறுதிப் போட்டி பகலில் நடந்தது. இந்த முறை ஒலியோடு பார்த்தோம். மறுபடியும் பாலும் ஃபின்டனும், மறுபடியும் தங்கம். தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் அயர்லாந்துக்காரர் பால்தான். அதற்குள் மருத்துவப் படிப்பையும் முடித்திருந்தார்.

அவர்கள் வென்றது, படகிலுள்ள இருவரின் சராசரி எடை 70 கிலோவைத் தாண்டக் கூடாத பிரிவு. பாரிஸோடு அந்தப் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெரிய உடல்வாகு இல்லாதவர்களுக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான்.

அந்த விவசாயி 2022இல் காலமானார். பாரிஸ் பந்தயம் முடிந்ததும் அவருடைய மகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.