100 டாலருக்குக் கைமாறிய ஆலன் பேஜ்

குழு: மேலத்தெரு உறவுகள்

பாலு, காலை 7:12
கலை அக்கா, அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள், இடையிடையே பந்தோடு ஓடுகிறவர்கள். 1982-இல் உதைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவருக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். தடுப்பாட்டக்காரர்கள் என்று பார்த்தால் 1971-இல் ஆலன் பேஜ், 1986-இல் லாரன்ஸ் டெய்லர் ஆகிய இருவர்தாம் தென்படுகிறார்கள். டெய்லரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பேஜ் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காரர் என்பதால் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 7:40
நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாய், பாலு. இங்கே பலருக்கு அவர் கால்பந்துக்காரர் என்பதே இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் அவர். பிறந்தது 1945-இல், ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில். தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் இருப்பதும் அதே கேன்டனில்தான். அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது பள்ளி மாணவராக இருந்த பேஜ் அங்கே கட்டுமான வேலை செய்திருக்கிறார். 1963-இல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில் 1988-இல் அவருக்கே இடம் கிடைத்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி 1966-இல் தேசிய வாகையர் ஆனபோது அதில் ஆடினார். அடுத்த ஆண்டு வைக்கிங்ஸ் அணி அவரை முதல் சுற்றில், ஒட்டுமொத்தத்தில் 15-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

விசாலாட்சி பெரியம்மா, காலை 7:58
கலை, நீங்கள் இருவரும் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. தடுப்பாட்டக்காரர் என்றால் கோலைக் காப்பவரா? அவருக்கு ஏன் விருது கிடைப்பதில்லை?

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 8:21
இல்லை, பெரியம்மா. எதிரணியிடம் பந்து இருக்கும்போது அதன் எதிரே ஒரே வரிசையில் குனிந்து நிற்கிறவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேஜின் காலத்து வைக்கிங்ஸ் வரிசையில் நால்வர்: இரு ஓரங்களிலும் டிஃபென்சிவ் எண்ட், நடுவே இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள். பேஜ் நடுவில் வலப்பக்கம் நின்றவர். பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போகும் கணத்திலேயே, தங்களை மறிப்பதற்கென்றே நிறுத்தப்பட்டிருக்கும் பெரிய உடம்புக்காரர்களைத் தாண்டிச் சென்று, பந்தை வைத்திருப்பவரை வீழ்த்த வேண்டும். எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அதற்கு ‘சாக்’ என்று பெயர். புள்ளிகளை எடுப்பது எப்போதும் மற்றவர்கள் என்பதால் இவர்களுடைய உழைப்பு கணக்குப் புத்தகத்தில் சரியாக ஏறுவதில்லை. சாக்குகளை லீக் அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியதே 1982-இல்தான். பேஜ் 1981-இல் ஓய்வு பெற்றுவிட்டார். பிற்காலத்தில் பழைய பதிவுகளைத் தேடி எண்ணியவர்கள் அவர் கணக்கில் 148.5 சாக்குகளைச் சேர்த்திருக்கிறார்கள். டேக்கிள் இடத்தில் நின்றவருக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

பாலு, காலை 8:30
அந்த நால்வரைத்தான் ‘ஊதா நிற மனிதர் தின்னிகள்’ என்று அழைத்தார்களா?

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 8:52
அவர்களேதான். பேஜ், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன். சட்டை ஊதா நிறம். குவார்ட்டர்பேக்கிடம் போய்ச் சந்தித்துக்கொள்வோம் என்பதுதான் அவர்களுக்குள் வழங்கிய வாசகம். 1969-இல் நால்வருமே ப்ரோ பவுல் என்ற, சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பேஜ் விருது பெற்ற 1971-இல், 14 ஆட்டங்களில் வைக்கிங்ஸ் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தமே 139 புள்ளிகள். ஓர் ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவு. 11 ஆட்டங்களில் வென்று, பிறகு கிறிஸ்துமஸ் நாளன்று டல்லஸிடம் தோற்று வெளியேறினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் விளங்கும். நடுவில் நிற்கும் டேக்கிளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கடமை, மலைபோல இடத்தை அடைத்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு அதன்பின் நகர்வது. பேஜ் அவ்வளவு நேரம் காத்திருக்கிறவர் அல்லர். 6 அடி 4 அங்குல உயரத்துக்கு 245 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 111 கிலோ என்பது அந்த இடத்துக்கு அன்றைக்கே பெரிய எடையாகாது. எதிரே நிற்பவர் நிமிர்வதற்குள் அவரைக் கடந்துவிடும் வேகமே அவருடைய கருவி. ஓரமாக ஓடுகிற ஆளைக்கூட மைதானத்தின் குறுக்கே துரத்திப்போய்ப் பிடிப்பார்.

ராமநாதன் மாமா, காலை 9:15
இறுதிப் போட்டியில் இந்த அணி வென்றதாக எனக்கு நினைவே இல்லையே, கலை.

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 9:24
வெல்லவே இல்லை, மாமா. பேஜ் நான்கு சூப்பர் பவுல்களில் ஆடினார், நான்கிலும் தோல்வி: கேன்சஸ் சிட்டி, மியாமி, பிட்ஸ்பர்க், ஓக்லண்ட். இந்த ஊரில் அதைப் பற்றி இன்றும் பேச்செடுக்கக் கூடாது.

பாலு, காலை 9:41
அப்படிப்பட்டவரை 1978-இல் பருவத்தின் நடுவிலேயே வைக்கிங்ஸ் வெளியேற்றியது என்றும், சிக்காகோ பேர்ஸ் 100 டாலருக்கு எடுத்துக்கொண்டது என்றும் படித்தேன். ஒரு முன்னாள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு 100 டாலரா?

ராமநாதன் மாமா, காலை 9:58
அந்தத் தொகையைப் பார்த்து ஏமாந்துவிடாதே. ஓர் அணி தன் ஆட்டக்காரரைக் கைவிடுவதாக அறிவித்தால், மற்ற அணிகள் ஒரு நிர்ணயக் கட்டணத்தைச் செலுத்தி அவரைக் கோரலாம் என்பது விதி. அந்தக் கட்டணம்தான் 100 டாலர். கோருகிற அணி அவருடைய ஒப்பந்தத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே அது அவருக்கு வைத்த விலை ஆகாது. ஆனால் அவரை விட்டுக்கொடுத்ததற்காக வைக்கிங்ஸ் பெற்றது அவ்வளவுதான் என்பது உண்மை. என்ன காரணம் காட்டினார்கள், கலை?

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 10:20
உடல் எடை, மாமா. அவருடைய மனைவி டயான் புகைபிடிப்பதை விடுவதற்காக ஓடத் தொடங்கினார். கூடவே இவரும் ஓடினார். மனைவிக்குப் புகை போயிற்று, கணவருக்கு ஓட்டம் ஒட்டிக்கொண்டது. நெடுந்தூரம் ஓடுகிறவர் உடம்பு எப்படி ஆகும் என்பது தெரிந்ததுதானே. எடை 220 பவுண்டு அளவுக்கு வந்துவிட்டது. அந்த உடம்போடு நடுவில் நின்று மோத முடியாது, முன்புபோல் ஆட அவரால் இனி இயலாது என்பது பயிற்சியாளர் பட் கிராண்டின் முடிவு. அதே ஆண்டில்தான் பேஜ் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1975 முதல் மூன்று ஆண்டுகள் ஒருபுறம் ஆட்டம், மறுபுறம் வகுப்பு. போதாதற்கு ஆட்டக்காரர் சங்கத்தில் அணியின் பிரதிநிதியாகவும் பல ஆண்டுகள் இருந்தவர். 1974 வேலைநிறுத்தத்தின்போதும் சங்கப் பொறுப்பில் இருந்தார். எடை மட்டுமே காரணம் என்று என்னை நம்பச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

விசாலாட்சி பெரியம்மா, காலை 10:36
சிரமப்பட என்ன இருக்கிறது? முப்பத்து மூன்று வயதில், தன் தொழிலுக்கு வேண்டிய உடம்பைத் தானே கரைத்துக்கொண்டவரை வைத்துக்கொண்டு அந்தப் பயிற்சியாளர் என்ன செய்வார்? நான் தலைமையாசிரியராக இருந்தபோது மூன்று பொறுப்புகளைத் தலையில் போட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பறைதான் முதலில் அடி வாங்கும்.

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 10:59
அவர் விஷயத்தில் வகுப்பறை அடி வாங்கவில்லையே, பெரியம்மா. சிக்காகோவில் அப்போது தலைமைப் பயிற்சியாளராக இருந்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் (நிலவுக்குப் போனவர் அல்லர், இவர் வேறு), அதற்கு முந்தைய ஆண்டுவரை வைக்கிங்ஸின் தடுப்பாட்டத்தைக் கவனித்துவந்தவர். தடுப்பாட்டப் பொறுப்பில் இருந்த பட்டி ரயனும் வைக்கிங்ஸிலிருந்து வந்தவரே. பேஜை அன்றாடம் அருகிலிருந்து பார்த்த இருவர்தாம், எடை குறைந்தது தெரிந்தும் அவரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கணிப்பு பொய்க்கவில்லை. மெலிந்த உடம்போடு மூன்றரைப் பருவங்கள், 58 ஆட்டங்கள், ஒன்றில்கூட விடுபடாமல் ஆடினார். அந்த ஆட்டங்களில் மட்டும் 40 சாக்குகள் என்று எண்ணியிருக்கிறார்கள். வைக்கிங்ஸில் ஆடிய 160-ஐயும் சேர்த்தால் தொடர்ச்சியாக 218 ஆட்டங்கள். அதற்கு நடுவே, 1979-இல், ஒரு முழு மாரத்தானையும் ஓடி முடித்தார். ஆட்டத்தில் இருக்கும்போதே மாரத்தான் ஓடிய முதல் லீக் ஆட்டக்காரர் அவர்தான் என்கிறார்கள்.

முதலிலிருந்தே அவரைப் பெரிய ஆட்டக்காரராக்கியது கனமில்லை, வேகம். கனம் குறைந்துவிட்டது என்று சொல்லி அவரை அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாலு, காலை 11:10
அக்கா சொல்வதில் ஓர் ஐயம். 40 சாக்குகள் சரி. ஆனால் நடுவில் நேராக மோதி ஓடிவரும் ஆட்டத்தைத் தடுப்பதில் 100 கிலோ ஆள் பின்வாங்கியிருக்கலாம் அல்லவா? அது எந்தக் கணக்கிலும் ஏறாது என்று நீங்களே சொன்னீர்கள்.

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), காலை 11:18
இருக்கலாம். அந்த ஒரு வகையில் கிராண்டுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும் என்று விட்டுவிடுகிறேன். ஆனாலும் 1979-இல் அந்தச் சிக்காகோ அணி 10 ஆட்டங்களில் வென்று அடுத்த சுற்றுக்குப் போனது, வைக்கிங்ஸ் போகவில்லை.

ராமநாதன் மாமா, பகல் 12:05
நீதிமன்றத்துக்கு எப்படிப் போனார் என்பதைத் தேடிப் படித்தேன். எனக்கு ஆட்டத்தைவிட அது சுவையாக இருக்கிறது. ஓய்வுக்குப் பின் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றியவர், உச்ச நீதிமன்றத்துக்குப் போட்டியிட விரும்பினார். மினசோட்டாவில் அந்தப் பதவிகளுக்குத் தேர்தல் உண்டு. ஆனால் நடைமுறையில், நீதிபதிகள் பதவிக்காலத்தின் நடுவில் விலக, ஆளுநர் தமக்கு வேண்டியவரை நியமிக்க, நியமிக்கப்பட்டவர் பிறகு எளிதாக வென்றுவிடுவார். காலியிடத்துக்கு நேரடிப் போட்டி என்பதே அரிது. 1992-இல் ஒரு நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்ததால், வரவிருந்த தேர்தல் இல்லாமற்போகும் நிலை வந்தது. பேஜ் வழக்குத் தொடுத்தார். வழக்கு தங்கள் நாற்காலியைப் பற்றியதே என்பதால் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விலகிக்கொள்ள, அவர்களுக்குப் பதிலாக அமர்த்தப்பட்டவர்கள் விசாரித்துத் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். தேர்தல் நடந்தது, இவர் வென்றார். 1993 ஜனவரியில் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தார். எங்கள் தொழிலில் இப்படி வாசலையே வழக்குப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போனவர்கள் குறைவு.

விசாலாட்சி பெரியம்மா, பகல் 12:31
கால்பந்துப் புகழுக்குத்தான் வாக்களித்திருப்பார்கள் என்று நான் சொன்னால் நீ சண்டைக்கு வருவாயா, ராமு?

ராமநாதன் மாமா, பகல் 12:44
முதல் தடவைக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம், அக்கா. 1998, 2004, 2010 என்று மூன்று முறை மீண்டும் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் அவர் ஆடியதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். எழுபது வயதில் கட்டாய ஓய்வு என்ற விதி இல்லாவிட்டால் 2015-க்குப் பிறகும் இருந்திருப்பார். 2018-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் வந்தது.

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), மாலை 5:50
இப்போதுதான் எழுந்து அனைத்தையும் படித்தேன். பெரியம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். 1988-இல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் அவரை மேடையில் அறிமுகப்படுத்தியவர் பயிற்சியாளரோ சக ஆட்டக்காரரோ அல்லர்; மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரான வில்லரின் பீஸ்லி என்ற அம்மையார். பேஜும் தம் உரையில் ஆட்டப் பெருமை பேசாமல் படிப்பைப் பற்றியே பேசினார். ஒரு முறை அணிக் கூட்டத்தில் ஆட்டத் திட்டப் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொன்னபோது, கூட இருந்த ஆட்டக்காரர்களில் சிலருக்கு அதைப் படிக்கவே தெரியவில்லை என்றார். அவர்களும் கல்லூரி வழியாக வந்தவர்கள்தாம். ஆடத் தெரிந்ததால் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தேர்ச்சி போட்டு மேலே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதே ஆண்டு டயானும் அவரும் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். மினசோட்டாவின் வெள்ளையரல்லாத மாணவர்களுக்குக் கல்லூரிச் செலவுக்கு உதவித்தொகை. பெறுகிறவர்கள் சிறு பிள்ளைகளோடு அமர்ந்து அவர்கள் படிப்புக்குத் துணைசெய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

விசாலாட்சி பெரியம்மா, மாலை 6:14
அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

பாலு, மாலை 6:40
அக்கா, அவருடைய பெயரில் அங்கே ஒரு பள்ளி இருக்கிறதாமே?

கலைச்செல்வி (மினியாபொலிஸ்), மாலை 7:02
இருக்கிறது. அதற்கு முன்பு அலெக்சாண்டர் ராம்சே பெயர் இருந்தது. 1862-இல் டகோட்டா பழங்குடியினரோடு நடந்த போரின்போது அவர்களை அழிக்க வேண்டும், அல்லது மாநில எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும் என்று அறைகூவிய ஆளுநர் அவர். அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று மாணவர்களே கிளர்ந்து, பல பெயர்களைப் பரிசீலித்து, வாக்கெடுத்துப் பேஜைத் தேர்ந்தெடுத்தார்கள். 2017-இல் கல்வி வாரியம் ஒப்புதல் தந்தது. பெயர்ப்பலகையில் ‘ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப்பள்ளி’ என்றுதான் இருக்கிறது. வைக்கிங்ஸ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.