ஷில்லாங் ப்ளூஸ் பேண்டு சோல்மேட்டை எங்கயாச்சும் கேட்டு மனசுல மாட்டிக்கிட்டவங்க இருக்கீங்களா?

மழைக்காதலன்

எனக்கு பத்து வருஷத்துக்கு மேல உறுத்துற விஷயம், அதான் ஆரம்பிச்சேன். 2013ல பேங்க் டிரான்ஸ்பர், குவாஹாத்தில இருந்து ஷில்லாங்குக்கு ஷேர் சுமோ, செம மழை, நாங்பொல டீ குடிச்சிட்டு ஏறினதுல இருந்து எனக்கு தலைவலி, வளைவு வளைவா ரோடு வேற. டிரைவர் பென் டிரைவ்ல ஒரு பாட்டு போட்டார், பொம்பளை குரல், காசி பாஷை (அந்த மேகாலயா மலை ஜனங்க பேசறது), ஒரு சொல்லு புரியல. ஆனா ஒப்பாரி மாதிரி இருந்துச்சு. நான் முன் சீட்டுல இருந்து “ஐயோ இந்த அழுகையை மாத்துங்க பா”ன்னு எனக்குத் தெரிஞ்ச ஓட்டை ஹிந்தில சொல்லிட்டேன் (அங்க ஆம்பளைங்கள மரியாதையா “பா”ன்னுதான் கூப்பிடணும், நம்ம அண்ணன் மாதிரி). அவர் ஒண்ணும் பேசல, அமுக்கி ஆஃப் பண்ணிட்டார்.

உமியம் ஏரி வர்ற வரைக்கும் வண்டில வைப்பர் சத்தம் மட்டும்தான். அப்புறம் அவரே மெதுவா சொன்னார். சமவெளில இருந்து ஒரு கலைமான் மலைல கிடைக்கிற ஏதோ தழை ஆசைல ஏறி வருது, அம்மா மான் போகாதேன்னு சொல்லியும் கேக்கல, மலை ஜனங்க அம்பு விட்டுக் கொன்னுடறாங்க, தேடி வந்த அம்மா அழுத அழுகையைக் கேட்டு வேட்டைக்காரங்களே உறைஞ்சு போயிட்டாங்களாம். செத்தவங்களுக்கு எப்படி அழணும்னு மனுசங்க அதுகிட்டதான் கத்துக்கிட்டாங்களாம். “அந்தப் பாட்டுதான் சார் அது”ன்னார். பாடினது சோல்மேட் பேண்டோட பாடகி திப்ரிதி கர்பங்கர். எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

ஆறுகம்பி

@மழைக்காதலன் அண்ணே படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என்னோடது 2011, பாந்த்ரா மெஹபூப் ஸ்டுடியோ, மகிந்திரா ப்ளூஸ் ஃபெஸ்டிவல் நடந்த மொத வருஷம். நான் போனது சத்தியமா அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பட்டி கை ஒருத்தருக்காகத்தான், மத்த பேர் எதுவும் தெரியாது. வெளிய லைன்ல நிக்கறேன், உள்ளருந்து ஒரு குரல், கூட இருந்தவன் “அமெரிக்காக்காரி போல டா”ங்கறான். போய்ப் பாத்தா நம்ம நாட்டுப் பொண்ணு, அதே சோல்மேட் திப்ரிதி, பக்கத்துல கிட்டாரோட அவங்க பேண்டு ரூடி வாலாங். ஸ்லோ ப்ளூஸ் ஒண்ணு, வாசிச்சுக்கிட்டே சத்தத்தைக் குறைச்சிக்கிட்டே போனார் மனுசன். குறைஞ்சு குறைஞ்சு ஒரு கட்டத்துல எனக்குப் பக்கத்துல நின்னவன் பாக்கெட்ல சாவிக்கொத்து ஆடற சத்தம் கேட்டுச்சு. அவ்ளோ கூட்டத்துல சாவி சத்தம்! பட்டி கை என்ன வாசிச்சாருன்னு இப்ப கேட்டா சொல்லத் தெரியாது, அந்தச் சாவி மட்டும் இன்னும் காதுல இருக்கு. இந்தியாவுல ப்ளூஸ் ஆரம்பிச்சதே இவங்கதான், சந்தேகமே இல்ல.

பழைய_டிரம்மர்

சந்தேகம் இருக்கு தம்பி. சோல்மேட் ஆரம்பிச்சதே 2003ல. 1972ல இருந்து லூ மாஜான்னு ஒரு பாடகர் அதே ஷில்லாங்ல வருஷா வருஷம் மே 24 பாப் டிலன் பொறந்தநாளுக்கு கச்சேரி பண்றார். அவரோட கிரேட் சொசைட்டி பேண்டுல வாசிச்சவர்தான் ரூடி, அப்புறம் மோஜோன்னு ஒரு பேண்ட், அதுக்கப்புறம்தான் சோல்மேட். ரூடியோட அப்பா டோட்டோ வாலாங்கும் மியூசிஷியன்தான். முன்னாடி நின்னவங்கள மறந்துட்டு “இவங்கதான் ஆரம்பம்”னா அது அவங்களுக்கே பிடிக்காது.

நம்ம கதை சின்னது. 2007ல சோல்மேட் அமெரிக்காவுல மெம்ஃபிஸ் போய் இன்டர்நேஷனல் ப்ளூஸ் சேலஞ்ச் போட்டில இந்தியா சார்பா வாசிச்சாங்கன்னு பேப்பர்ல படிச்ச அதே மாசம் நாங்க சென்னைல ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல மேடை ஏறினோம். ரெண்டாவது பாட்டுலயே “குத்துப் பாட்டு போடுடா”ன்னு கத்தல், மூணாவதுல மைக் ஆஃப். பேசின காசும் வரல. அவ்ளோதான் எங்க பேண்டோட வரலாறு.

ஆறுகம்பி

சரிண்ணே ஒத்துக்கறேன், “ஆரம்பிச்சது”ன்னு சொன்னது தப்பு. ஆனா மெம்ஃபிஸ் வரைக்கும் கொண்டு போனது இவங்கதானே, அதையாச்சும் விடுங்க.

ஸ்லைடு_சித்தப்பா

நான் இவங்கள நேர்ல பாத்ததில்ல, 2009ல வந்த மூவிங் ஆன் சிடி ஃப்ரெண்டு குடுத்து கேட்டதோட சரி, அவனுக்கு இன்னும் திருப்பித் தரல. ஆனா இதைப் படிக்கிற பசங்களுக்கு நாலு வார்த்தை. எல்லாரும் 12 பார் (பன்னெண்டு தாளக் கட்டுல சுத்தற ப்ளூஸ் அமைப்பு) தெரியும்பீங்க. ஈ கார்டுல நாலு, ஏல ரெண்டு, திரும்ப ஈல ரெண்டு, பி ஒண்ணு, ஏ ஒண்ணு, ஈல வந்து ரெண்டு, முடிஞ்சுது. இது ஒரு மத்தியானத்துல வந்துடும். வராதது அந்த ப்ளூ நோட். நம்ம சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு ஈஸியா சொல்றேன், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடம், கம்பிய இழுத்து அங்க கொண்டு போய் நிறுத்தணும். முழுசா மேலயும் போகக்கூடாது, கீழயும் விழக்கூடாது. வாயால பாடிப் பாத்துட்டு அப்புறம் விரலை வை. கம்பி கனமா போடு, 11 செட், விரல் வலிக்குதுன்னா அரை ஸ்வரம் எறக்கி ட்யூன் பண்ணிக்கோ. டிஸ்டார்ஷனைக் குறை. வேகமா வாசிக்கிறவன் சும்மா இருக்கத் தெரியாதவன். ஒரு வரி பாடு, கிட்டார் பதில் சொல்லட்டும், நடுவுல மூச்சு விடு. இன்னொண்ணு, 2005ல ஷில்லாங், 2009ல மூவிங் ஆன், 2014ல டென் ஸ்டோரீஸ் அப், பேண்டு ஆரம்பிச்சு பதினோரு வருஷத்துல மூணே ஆல்பமான்னு ஒருத்தன் என்கிட்ட நக்கல் பண்ணினான். டேய், இந்த ஊர்ல ப்ளூஸ் வாசிக்கிறவனுக்கு சிடி சோறு போடாது, மேடைதான்

பழைய_டிரம்மர்

சித்தப்பா யாரு இப்ப கிளாஸ் கேட்டா 😀 மொதல்ல அந்த சிடியத் திருப்பிக் குடுங்க. (11 செட் விஷயம் மட்டும் சரி.)

ஆறுகம்பி

@மழைக்காதலன் அண்ணே நீங்க அந்தப் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னீங்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

மழைக்காதலன்

இல்லப்பா. கேக்கணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, வாய் வரல. அவரும் போடல. போலீஸ் பஜார்ல எறங்கி, பெட்டிய வாங்கிக்கிட்டு, “தேங்க்யூ பா”ன்னு மட்டும் சொன்னேன். வண்டி திரும்பிப் போகும்போது உள்ள அந்தப் பாட்டு ஓடற மாதிரி இருந்துச்சு, மழை சத்தத்துல சரியா கேக்கல.