‘பீரியட்’ மரபணுவை இழந்த பழ ஈ தூங்காமலே இருக்குமா?

கேள்வி: பாலக்கோடு ஆசிரியை

பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். பழ ஈயின் உயிர்க் கடிகாரத்தை, அதாவது உடல் தானாகவே நேரம் கணிக்கும் ஏற்பாட்டை, ஆராய்ந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017இல் நோபல் பரிசு பெற்றதைச் சொன்னபோது, ஓசூர் ஆலையொன்றில் இரவுப் பணி பார்க்கும் ஒருவரின் மகள் எழுந்து, அந்தக் கடிகாரத்துக்கான ‘பீரியட்’ மரபணு கெட்டுப்போனால் ஈ தூங்கவே தூங்காதா என்று கேட்டாள். இமையே இல்லாத ஈ தூங்குகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஓசூர் ஆய்வு மாணவர்

வணக்கம் அம்மா. அந்த ஈ தூங்கும். நேரங்கெட்ட நேரத்தில் தூங்கும், அவ்வளவுதான்.

1971இல் ரொனால்டு கொனோப்காவும் சீமோர் பென்சரும் மரபணு பிறழ்ந்த மூன்று வகை ஈக்களைக் கண்டறிந்தார்கள். ஒரு வகைக்கு நாள் என்பது 19 மணி நேரம், மற்றொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு ஒழுங்கே கிடையாது. மூன்றுக்கும் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரே மரபணு, அதுதான் பீரியட். அது உண்டாக்கும் புரதம் முன்னிரவில் செல்லுக்குள் சேர்ந்து, டைம்லெஸ் என்னும் புரதத்தோடு இணைந்து உட்கருவுக்குள் புகுந்து, தன் மரபணுவை இயக்கிவரும் கிளாக், சைக்கிள் என்ற இரண்டு புரதங்களையே முடக்குகிறது. விடிந்ததும் ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தின் வழியாக டைம்லெஸ் சிதைந்துவிட, துணையிழந்த பீரியடும் அழிந்து, முடக்கம் நீங்கி அடுத்த சுற்று தொடங்குகிறது.

இது எப்போது தூங்குவது என்பதற்கான ஏற்பாடு. எவ்வளவு தூங்குவது என்பதைப் பெரும்பாலும் வேறு மரபணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. 2005இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 9 முதல் 15 மணி நேரம் தூங்கும் ஈக்களுக்கு நடுவே, நான்கைந்து மணி நேரமே தூங்கும் ஒரு வகை அகப்பட்டது. நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை அமைக்கும் ஷேக்கர் என்ற மரபணு அதில் பழுதாகியிருந்தது. அந்த ஈக்களின் ஆயுளும் குறைவு. ஆனால் தூங்கும் நேரத்துக்கும் தூக்கத்தின் அளவுக்கும் இடையில் முழுச் சுவர் எழுப்பிவிடக் கூடாது: கடிகாரத்தைச் சேர்ந்த சைக்கிள் மரபணுவை இழந்த ஈக்களைத் தொடர்ந்து தூங்கவிடாமல் செய்தால் சில செத்தே போகின்றன.

தூக்கத்தைக் கண்டறியும் முறை 2000இல் இரண்டு ஆய்வுக் குழுக்களின் உழைப்பால் நிலைபெற்றது. பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் சர்க்கரை கலந்த அகார் என்ற கடற்பாசிக் கூழ், மறு முனையில் பஞ்சடைப்பு, உள்ளே ஒரே ஓர் ஈ. குழாயின் நடுவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பாய்கிறது; ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் கணினி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். ஐந்து நிமிடம் கடக்கவில்லை என்றால் தூக்கம் என்று கொள்கிறோம். அந்த நிலையில் லேசாகத் தட்டினால் அசையாது, பலமாகத் தட்டினால்தான் எழும். இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தால் மறுநாள் கூடுதலாகத் தூங்கி ஈடுகட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஈ இப்படிச் செய்யாது. பீரியட் இல்லாத ஈயும் இப்படி ஈடுகட்டுகிறது என்பதே உங்கள் மாணவிக்கான விடை. காபியின் காஃபீனை உணவில் கலந்தால் ஈக்கும் தூக்கம் குறைகிறது என்றும் சொல்லுங்கள், வகுப்பு கலகலக்கும்.

பதில்: காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

எங்கள் பெங்களூரா மாங்காயில் துளையிட்டு முட்டை வைக்கும் ஈ இவர் சொல்லும் ஈ அல்ல; இது உருவில் பெரியது, வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இதுவும் பொழுது சாயும் வேளையில்தான் இணை சேர்கிறது. இதற்கும் கடிகாரம்தான் காரணமா, தம்பி?

பதில்: ஓசூர் ஆய்வு மாணவர்

ஆம் ஐயா. ஆஸ்திரேலியாவில் உங்கள் தோட்டத்து ஈயின் இரண்டு உறவினங்களில் ஒன்று அந்தி மங்கும்போதும், மற்றொன்று பகலிலும் இணை சேர்கின்றன. ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இவை கலந்துவிடாமல் காப்பதில் நேர வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பாகல், பூசணியைத் தாக்கும் ஈயில் ஜப்பானியர்கள் மெதுவாக வளர்பவற்றையே பல தலைமுறைகள் பொறுக்கியெடுத்தபோது, அவற்றின் உயிர்க் கடிகாரம் காட்டும் நாள் நீண்டு, இணைசேரும் நேரமும் தள்ளிப்போனது. ஆய்வகத்தில் பெருக்கி மலடாக்கிய ஆண் ஈக்களைத் தோட்டத்தில் விட்டுப் பூச்சியைக் கட்டுப்படுத்துவோருக்கு இது கவலைதரும் செய்தி. ஆண் தாமதமாக வந்தால் பெண் காத்திருக்கப் போவதில்லை.

பதில்: பாலக்கோடு ஆசிரியை

நன்றி தம்பி. கருவி எதுவும் இல்லாத எங்கள் பள்ளியில் இதைச் செய்துகாட்ட வழி உண்டா?

பதில்: ஓசூர் ஆய்வு மாணவர்

உண்டு அம்மா. அழுகிய வாழைப்பழம் போட்ட புட்டியில் சிறிய ஈக்களை வளர்த்து, கூட்டுப்பருவம் கண்ணாடியில் ஒட்டியதும் வளர்ந்த ஈக்களை வெளியேற்றிவிடுங்கள். புட்டியை இயல்பான பகல் வெளிச்சம் படும் இடத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் புதிதாக வெளிவந்தவற்றை எண்ணி அகற்றச் சொல்லுங்கள். ஓர் ஈ வாழ்நாளில் ஒரு முறைதான் கூட்டை விட்டு வெளிவருகிறது என்பதால், இந்தத் தாளம் கூட்டமாகப் பார்த்தால்தான் தெரியும். விடியலை ஒட்டியே பெரும்பாலானவை வெளிவரும். கொனோப்காவும் தம் ஈக்களை இப்படி வெளிவரும் நேரத்தை வைத்துத்தான் தேடிப் பிடித்தார்.