மூணு வகுப்பு ஒரே ரூம்ல, பின்னம் நடத்தணும். ஏஐ-கிட்ட எப்படி கேக்கறது?

மலையடிவார டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. 1, 2 எச்எம் மேடம் பாத்துக்கறாங்க, 3, 4, 5 மூணும் ஒரே ரூம்ல என்கிட்ட. அடுத்த வாரம் பின்னம் ஆரம்பிக்கணும். அரசோட எண்ணும் எழுத்தும் திட்டக் கையேடு இருக்கு, அரும்பு மொட்டு மலர்னு நிலை பிரிச்சே குடுத்திருக்காங்க, அத குறை சொல்ல மாட்டேன், ஆனா என் ரூம்ல இருக்கற பிள்ளைங்கள மனசுல வச்சு ஒருத்தர் எழுதிக் குடுக்க முடியாதில்லையா. ஒரு பையனுக்கு பார்வை ரொம்ப கம்மி, முதல் வரிசைல உக்காந்தாலும் போர்டு தெரியாது, புத்தகத்த கண்ணுகிட்ட கொண்டுபோய்த்தான் படிப்பான். ரெண்டு பிள்ளைங்க வீட்ல தெலுங்கு. ஒரு பொண்ணு வாயால கேட்டா டக்குனு பதில் சொல்வா, நோட்டுல எழுதச் சொன்னா அப்படியே உக்காந்துடுவா.

சாட்ஜிபிடில "5ஆம் வகுப்பு பின்னங்கள் பாடக்குறிப்பு குடு"ன்னு கேட்டேன். பீட்சாவ எட்டா வெட்டு, ப்ரொஜெக்டர்ல வீடியோ போடு, கலர் ஒர்க்ஷீட் பிரிண்ட் எடுத்துக் குடுன்னு அழகா வந்துச்சு. பிரிண்டர் எங்க பள்ளில இல்ல, எங்க பிள்ளைங்க பீட்சா பாத்ததும் இல்ல. யாராச்சும் இத உருப்படியா யூஸ் பண்றீங்களா? எப்படி கேட்டா நம்ம வகுப்புக்கு ஏத்த மாதிரி வரும்?

கணக்கு வாத்தியார்

டீச்சர், பாடக்குறிப்பே கேக்காதீங்க. அது கேட்டா எல்லா ஊருக்கும் பொதுவா ஒண்ணு வரும். "பின்னம் படிக்கும்போது 8லேர்ந்து 10 வயசுப் பிள்ளைங்க எங்கெங்க தடுமாறுவாங்க, ஏன் அப்படி நினைக்கறாங்க"ன்னு கேளுங்க. அங்கதான் இது நல்லா உழைக்கும்.

நான் கேட்டப்ப வந்ததுல நாலு விஷயம் என் அனுபவத்தோட அப்படியே ஒத்துப்போச்சு. 4 பெரிய எண், அதனால 1/3 விட 1/4 பெருசுன்னு நினைக்கறது. துண்டு சமமா இல்லன்னாலும் நாலா இருந்தா கால்னு சொல்றது. மேல உள்ள எண்ணையும் கீழ உள்ள எண்ணையும் தனித்தனியா பாத்து 1/2 + 1/3 = 2/5ன்னு கூட்டறது. நாலாவதுதான் பலரும் கவனிக்காத இடம், முழுசு வேற வேற அளவா இருந்தா ஒப்பிடவே கூடாதுங்கறது. ஒரு சின்ன வட்டத்துல பாதியும் பெரிய வட்டத்துல காலும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு காட்டினா பிள்ளை கால்தான் பெருசுன்னு சொல்லும், கண்ணுக்கு அப்படித்தானே தெரியுது. இதுல ஒரு வேடிக்கை இல்ல, கவலைதான், ஏஐ-யே படம் போட்டுக் குடுக்கும்போது பல தடவ வட்டங்கள வேற வேற சைஸ்ல போடும், துண்டும் சமமா இருக்காது, தமிழ் எழுத்து உடைஞ்சு வரும். அதனால படம் கேக்கவே கேக்காதீங்க, நம்ம கையால வரைஞ்சுக்கலாம்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப உதவுச்சு. "நீ 4ஆம் வகுப்புப் பிள்ளை, 1/4தான் 1/3 விட பெருசுன்னு உறுதியா நம்பற, நான் டீச்சர், நான் சொல்றது உனக்கு நிஜமாவே புரிஞ்சாத்தான் ஒத்துக்கணும்"னு சொல்லிட்டு பேச ஆரம்பிங்க. "மூணு பேருக்கு பங்கு போட்டா ஆளுக்கு நிறைய வருமா நாலு பேருக்கு போட்டா வருமா"ன்னு நாம கேக்கற கேள்வி வேலை செய்யுதா, அதுக்கு பிள்ளை என்ன திருப்பி கேக்கும்னு வகுப்புக்கு முன்னாடியே ஒரு ஒத்திகை மாதிரி ஆயிடும். நிஜப் பிள்ளைய விட அது சீக்கிரம் ஒத்துக்கும், அத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

சிறப்பாசிரியர், டெல்டா பக்கம்

மேடம், நான் வட்டார வள மையத்துலேர்ந்து பள்ளி பள்ளியா போற ஆள், அதனால அந்தப் பையனப் பத்தி மட்டும் சொல்றேன். எல்லாருக்கும் ஒரு பாடம், அவனுக்கு தனியா ஒரு பாடம்னு ஏஐ-கிட்ட கேக்காதீங்க. அப்படி கேட்டா அது மூலைல உக்கார வச்சு செய்யற மாதிரி தனி வேலை ஒண்ணு குடுக்கும், பாக்க அக்கறையா இருக்கும், ஆனா பையன் வகுப்ப விட்டு வெளிய போயிடுவான். "இந்த ஒரே செயல்பாட்ட கண்ணால பாத்தும் செய்யலாம், கையால தொட்டும் செய்யலாம், பதில வாயாலயும் சொல்லலாம், அப்படி மாத்திக் குடு"ன்னு கேளுங்க. அப்ப எழுத முடியாத அந்தப் பொண்ணுக்கும் அதுவே வழியாயிடும்.

பின்னத்துக்கு வட்டத்த விட பட்டை நல்லது. பழைய தினத்தாள ஒரே நீளத்துல பட்டையா கிழிச்சு ரெண்டா மடி, நாலா மடி, எட்டா மடின்னு செய்யச் சொல்லுங்க. மடிப்ப நகத்தால நல்லா அழுத்திட்டா விரல் வச்சாலே எண்ணிடலாம். அது பத்தலைன்னா மடிப்பு மேல கம்பளி நூல் ஒட்டிடுங்க. மூணா மடிக்கறது மட்டும் பிள்ளைங்களுக்கு வராது, அந்தப் பட்டைய நீங்களே அளந்து கோடு போட்டு எடுத்துட்டுப் போங்க. இந்த மாதிரி விஷயம்லாம் ஏஐ சொல்லாது, "மூன்று சமபாகமாக மடிக்கவும்"னு ஒரே வரில எழுதிட்டுப் போயிடும்.

அப்புறம் பெரிய வகுப்புக்கு பாடம் எடுக்கறவங்க யாராச்சும் இத படிச்சா அவங்களுக்கு ஒண்ணு. பார்வையில்லாத பிள்ளைங்க என்விடிஏ மாதிரி திரைவாசிப்பான் வச்சு கேள்வித்தாள் கேக்கணும்னா அது யூனிகோட்ல, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுல இருக்கணும். பாமினி, வானவில்னு பழைய எழுத்துருல டைப் பண்ண பைல குடுத்தா அது இங்கிலீஷ் எழுத்துக்கள கண்டபடி வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோட தரமா அறிவிச்சாச்சு, இன்னும் பழைய எழுத்துருலதான் கேள்வித்தாள் சுத்துது, மனசு ஆறல. இதுல ஏஐ ஒரு நல்லது பண்ணுது, அது எழுதறதே யூனிகோட்லதான், பழைய கேள்வித்தாள போட்டோ எடுத்துக் குடுத்தா டைப்பும் பண்ணிக் குடுக்கும். ஆனா எண்ணையும் கொம்பு காலையும் ஒவ்வொண்ணா சரிபாக்கணும்.

பையன் பேரு, என்ன குறைபாடு, எந்தப் பள்ளின்னு எதையும் அதுல போடாதீங்க. மருத்துவச் சான்ற போட்டோ எடுத்துப் போட்டு "இவனுக்கு பாடம் சொல்லு"ன்னு கேக்கறவங்களப் பாத்திருக்கேன். 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தைதான், அவங்க விவரத்துக்கு பெத்தவங்க ஒப்புதல் வேணும். "போர்டு தெரியாத ஒரு மாணவர்"னு சொன்னாலே அதுக்கு போதும்.

ஓய்வுபெறப்போற ஆசிரியர்

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா ஒரு கவலைய சொல்லிடறேன். 2000க்கு அப்புறம் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைங்க அட்டை வச்சு படிப்படியா தாங்களே கத்துக்கற முறை வந்தப்ப நாங்கல்லாம் உக்காந்து அட்டை அட்டையா வெட்டினோம். அந்த வேலைதான் எங்களுக்கு பாடத்த சொல்லிக் குடுத்துச்சு, எந்தப் படிய தாண்ட முடியாம பிள்ளை நிக்கும்னு அட்டை வெட்டும்போதே தெரிஞ்சுடும். இப்ப புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க பாடக்குறிப்ப ஏஐல எடுத்து நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கிடறாங்க, வகுப்புல அந்தக் குறிப்புல ஒரு வரிகூட நடக்கறதில்ல. பிள்ளை என்ன கத்துக்கணும்னு சொல்ற கற்றல் விளைவுக்கு உள்ள குறியீட்டு நம்பர ஏஐ-கிட்ட போடச் சொன்னா இல்லாத நம்பர போட்டுக் குடுக்குது, அத அப்படியே எழுதியிருந்தத நானே பாத்தேன். ஆவணத்துக்காக இத யூஸ் பண்ணா பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கணக்கு சார் சொன்ன மாதிரி நம்மள யோசிக்க வைக்கறதுக்கு யூஸ் பண்ணா எனக்கு ஆட்சேபணை இல்ல.

திருப்பூர் டீச்சர்

எங்க பள்ளில பாதிப் பிள்ளைங்க இந்தி, ஒடியா, பெங்காலி பேசறவங்க, பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பம். நான் இத அதிகமா யூஸ் பண்றது மொழிக்குத்தான். பாடம் முழுசயும் மொழிபெயர்க்க மாட்டேன், பிள்ளை தமிழ் கத்துக்கணுமே. பாடத்துல வர்ற முக்கியமான ஆறேழு சொல்லுக்கு மட்டும் அவங்க மொழில வீட்ல எப்படி சொல்வாங்கன்னு கேட்டு, தமிழ் எழுத்துல எழுதி வாங்கிப்பேன், அப்புறம் அந்த மொழி பேசற பெரிய பிள்ளை ஒருத்தர்கிட்ட கேட்டு சரிபாத்துப்பேன். உங்க தெலுங்குப் பிள்ளைங்களுக்கு பாதி "சகம்", கால் "பாவு", அத நீங்க ஒரு தடவ வாயால சொன்னாலே அதுங்க முகம் மலர்ந்துடும்.

தமிழ்ல கேக்கும்போது ஒண்ணு பாத்துக்கோங்க. 1/2, 2/4 மாதிரி ஒரே மதிப்புள்ள பின்னத்துக்கு நம்ம புத்தகத்துல சமான பின்னம்னு இருக்கும், ஏஐ திடீர்னு சமவலுப் பின்னம்னு எழுதும். அது இலங்கைப் பாடநூல்ல உள்ள சொல், அங்க சரி, நம்ம பிள்ளை குழம்பும். நம்ம பாடநூல் பக்கத்த போட்டோ எடுத்துப் போட்டு "இந்தப் பக்கத்துல உள்ள சொல்ல மட்டும் பயன்படுத்து"ன்னு சொல்லிட்டா பெரும்பாலும் சரியாயிடும்.

மலையடிவார டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கல. நீங்க சொன்னதெல்லாம் சேத்து நேத்து ராத்திரி போன்ல குரல் டைப்பிங்லயே இப்படி கேட்டேன்:

"3, 4, 5 மூணு வகுப்பும் ஒரே அறை, 40 நிமிடம், ஒரே ஆசிரியர். கையில் இருப்பது பழைய தினத்தாள், நூல், பசை, கரும்பலகை. பிரிண்டர், ப்ரொஜெக்டர் கிடையாது. ஒருவருக்கு பலகை தெரியாது, ஒருவருக்கு எழுதுவது சிரமம், பேசுவது எளிது. எல்லோரும் காகிதப் பட்டை மடிக்கும் ஒரே செயலைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் நான் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். பாடக்குறிப்பு வேண்டாம், கேள்விகளை மட்டும் கொடு."

இந்த தடவ வந்தது வேற மாதிரி இருந்துச்சு. 3க்கு "உன் பட்டைல கால் எது, தொட்டுக் காட்டு". 4க்கு "நாலா மடிச்ச துண்டு பெருசா எட்டா மடிச்ச துண்டு பெருசா, பிரிச்சுப் பாக்காம முதல்ல சொல்லு". 5க்கு "பாதிய எட்டாம் பாகத்தால நிரப்ப எத்தனை துண்டு வேணும்". எல்லாமே பிள்ளை கைல பட்டைய வச்சுக்கிட்டு வாயால சொல்லலாம், எழுதியே ஆகணும்னு எதுவும் இல்ல. நான் சேத்தது ஒண்ணு, சந்தைல கேக்கற கால் கிலோ, அரை லிட்டர், முக்காப்படி. எங்க பாட்டி சொல்ற அரைக்கால்தான் எட்டுல ஒண்ணுன்னு எட்டா மடிச்ச பட்டைய காட்டி சொல்லப்போறேன். கணக்கு சார் சொன்ன நாலாவது விஷயத்துக்காக வேணும்னே ஒரு பட்டைய மட்டும் ரொம்ப நீளமா கிழிச்சு ஒரு பிள்ளைகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன், "இவனோட கால் உன்னோட பாதி அளவுக்கு இருக்கே, எப்படி"ன்னு அவங்களே சண்டை போடட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும். 5ஆம் வகுப்புக்கு கடைசில எழுத்து வேலை ஒண்ணு குடுக்கணும், அந்தப் பொண்ணுக்கு என்ன பண்றது?

சிறப்பாசிரியர், டெல்டா பக்கம்

அவ சொல்லட்டும், பக்கத்துல உள்ள பிள்ளை எழுதட்டும், கீழ அவ ஒரே ஒரு பின்னத்த மட்டும் தன் கையால எழுதட்டும். அடுத்த வாரம் ரெண்டு. நீளமான பட்டைய யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிச்சீங்கன்னா பார்வை கம்மியான பையன்கிட்டயே குடுங்க மேடம், எல்லாரும் அவன் பட்டைய வாங்கிப் பாக்க அவன்கிட்ட வரட்டும்.