உதவி: அரைத்தால் நீலம் பச்சையாகிறது, பவுடர் எக்ஸ்ஆர்டியும் ஒத்துவரவில்லை

வீழ்படிவு:
வணக்கம். ஆய்வில் இரண்டாம் ஆண்டு மாணவன். ஒரு வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

என் மூலக்கூறு டெட்ராஃபினைல்எத்திலீன் வகை, அதாவது நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அதன் இரு கார்பன்களிலும் இரண்டிரண்டு பென்சீன் வளையங்கள். ஒரே கார்பனில் உள்ள இரண்டு வளையங்களில் ஒன்றில் சயனோ, இன்னொன்றில் மெத்தாக்சி. அதனால் சிஸ்-டிரான்ஸ் தொல்லை கிடையாது. டிஎச்எஃப் என்ற கரைப்பானில் கரைத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒளிர்வதில்லை. தண்ணீரை 90 சதவீதம் வரை சேர்த்தால் பளிச்சென்று ஒளிர்கிறது. இதுவரை எதிர்பார்த்தபடிதான்.

டைகுளோரோமீத்தேன், ஹெக்சேன் கலவையை மெதுவாக ஆவியாக விட்டுப் படிகம் வளர்த்தேன். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் நீலம், ஒளிர்வின் உச்சம் 456. பவுடர் எக்ஸ்ஆர்டிக்காக (தூளில் எக்ஸ் கதிர் எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்ப்பது) அகேட் உரலில் போட்டு அரைத்தேன். விளக்கைக் காட்டினால் உரல் முழுக்கப் பச்சை, உச்சம் 498! குப்பியைப் பார்த்தால் அங்கேயும் ஸ்பேச்சுலா உரசிய இடத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு.

பொருள் சிதைந்துவிட்டதா? அப்புறம், அரைக்காத படிகங்களின் பவுடர் எக்ஸ்ஆர்டியும் சிங்கிள் கிரிஸ்டல் (ஒரே ஒரு படிகத்தை அளந்து கட்டமைப்பைக் கண்டது) தரவிலிருந்து கணக்கிட்ட கோலத்தோடு பொருந்தவில்லை. தூய்மை போதவில்லை, மறுபடி காலம் (column, சிலிக்கா நிரப்பிய குழாயில் ஓட்டித் தூய்மையாக்குவது) ஓட்டு என்கிறார் நெறியாளர். ஏற்கெனவே மூன்று முறை ஓட்டிவிட்டேன்.

கண்ணாடிக்குழாய்:
காலம் ஓட்டுவதற்கு முன்னால் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. பச்சைத் தூளைக் கொஞ்சம் வடிதாளில் தேய்த்து, மூடியுள்ள ஜாடிக்குள் வையுங்கள். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் டைகுளோரோமீத்தேன். திரவம் தூளில் படக்கூடாது, ஆவி மட்டும் பட்டால் போதும். நீலம் திரும்பினால் சிதைவு இல்லை. சிதைந்த மூலக்கூறு ஆவி பட்டுப் பழையபடி ஆகாது. மிச்சத் தூளைக் கரைத்து, மூலக்கூறு மாறியதா என்று காட்டும் என்எம்ஆர் நிரலை எடுத்து, அரைக்காததன் மேல் வைத்துப் பாருங்கள்.

அரைத்த தூளின் எக்ஸ்ஆர்டி எப்படி இருக்கிறது? கூரான உச்சங்களா, இல்லை அகலமான மேடா?

வீழ்படிவு:
அண்ணா, இரண்டு நிமிடத்தில் விளிம்பிலிருந்து நீலம் ஊறி வந்தது! ஆறாவது நிமிடத்தில் பச்சையே இல்லை. என்எம்ஆர் கோட்டுக்குக் கோடு அப்படியே இருக்கிறது. அரைத்த தூளில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேடு, அதன்மேல் நாலைந்து சிறு உச்சங்கள்.

பைரீன்தாசன்:
அப்போ நெறியாளரிடம் தைரியமாகப் பேசலாம். கரைசலில் உங்கள் வளையங்கள் சுழன்றுகொண்டே இருக்கின்றன; உள்வாங்கிய ஆற்றல் அந்த அசைவிலேயே போய்விடுகிறது. படிகத்தில் பக்கத்து மூலக்கூறுகள் வளையங்களை நெருக்கிப் பிடித்துக்கொள்வதால் ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. ஆனால் அங்கே வளையங்கள் நன்றாக முறுக்கிய நிலையில் இருக்கும். அரைத்தால் அடுக்கு குலைகிறது (எக்ஸ்ஆர்டியில் வந்த மேடு அதைத்தான் காட்டுகிறது), முறுக்கு கொஞ்சம் தளர்ந்து மூலக்கூறு சற்றுத் தட்டையாகிறது, எலக்ட்ரான்கள் பரவும் இணைவு நீள்கிறது. அதனால்தான் நீலம் பச்சைக்கு நகர்கிறது.

திடநிலையில் நெருக்கினாலே ஒளி செத்துவிடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பியவன்தான். 1954இல் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் பைரீன் என்ற தட்டையான வளைய மூலக்கூறில் செறிவு கூடக்கூட ஒற்றை மூலக்கூறின் ஒளி மங்குவதைக் காட்டினார்கள். என் பெயர்க் காரணமும் அதுதான். அதற்கு நேர்மாறாக, திரண்டால் ஒளிரும் சைலோல்களை (சிலிக்கான் உள்ள வளைய மூலக்கூறுகள்) ஹாங்காங்கில் பென் ஷோங் டாங் குழு 2001இல் வெளியிட்டது. உங்கள் மூலக்கூறும் அந்த வழி வந்ததுதான்.

கண்ணாடிக்குழாய்:
நிறமாற்றம் தீர்ந்தது. எனக்கு அதைவிட இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. சிங்கிள் கிரிஸ்டல் எந்த வெப்பநிலையில் எடுத்தது? 100 கெல்வினில் என்றால் குளிரில் படிக அடுக்கு சுருங்கியிருக்கும். அதிலிருந்து கணக்கிட்ட உச்சங்கள், அறை வெப்பநிலையில் எடுத்த பவுடரைவிடச் சற்று உயர்ந்த கோணத்தில் விழும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். உச்சங்களின் உயரம் மட்டும் மாறினாலும் சரி. ஊசிப் படிகங்கள் தட்டில் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். கணக்கில் இல்லாத இடத்தில் உச்சம் முளைத்திருந்தால்தான் விஷயம் வேறு.

வழக்கமாக இந்தப் படுக்கை வாக்கைச் சரிசெய்ய அரைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது ஆகாது, அரைத்தால் பார்க்க வேண்டிய படிகமே போய்விடும். கண்ணாடி நுண்குழாயில் நிரப்பி, சுழற்றியபடி எடுங்கள்.

வீழ்படிவு:
100 கெல்வின்தான். சிறு நகர்வு எல்லா உச்சத்திலும் இருக்கிறது. ஆனால் 7.4 டிகிரியில் நல்ல வலுவான ஓர் உச்சம், கணக்கில் அந்த இடம் காலி. சிங்கிள் கிரிஸ்டலுக்குக் குப்பியின் சுவரில் ஒட்டியிருந்த அழகான கட்டிப் படிகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடிக்குழாய்:
அதே தவறை நானும் செய்திருக்கிறேன்! அளந்தது ஒரே ஒரு படிகம், அதுவும் அழகுக்காகப் பொறுக்கியது. குப்பியில் மீதி ஆயிரம் இருக்கின்றன. இருட்டில் விளக்கைப் பிடித்து, உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிஐஎஃப் கோப்பையும் (படிகக் கட்டமைப்புத் தரவு உள்ள கோப்பு) ஒரு முறை திறந்து பாருங்கள், படத்தை மட்டும் நம்ப வேண்டாம். படிகத்துக்குள் சிக்கிய கரைப்பான் இருந்த இடத்தை மறைத்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று அதில் எழுதியிருக்கும்.

வீழ்படிவு (நான்கு நாள் கழித்து):
குப்பியில் இரண்டு இனம் இருக்கிறது. சுவரில் இருந்த கட்டிகள் வெளிர்நீலம். அடியில் இருந்த ஊசிகள் கொஞ்சம் அடர்நீலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. கோப்பில் கரைப்பான் மறைப்பு என்று தெளிவாகவே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. கட்டிகளை மட்டும் பிரித்து டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளப்பது) பார்த்தோம். 9.6 சதவீத எடை இழப்பு. இரண்டு மூலக்கூறுக்கு ஒரு டைகுளோரோமீத்தேன் என்றால் 9.9 வர வேண்டும். எடுத்து வெளியே வைத்த கட்டி ஒன்று மறுநாள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. ஊசிகளில் எடை இழப்பே இல்லை.

ஆக, நான் பவுடர் எடுத்தது பெரும்பாலும் ஊசி, கட்டமைப்பு கையில் இருப்பது கட்டிக்கு. 456 என்று எழுதி வைத்த உச்சமும் கலவையின் உச்சம்!

பைரீன்தாசன்:
நல்லவேளை, கட்டுரை அனுப்பும் முன்பே தெரிந்தது. இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுதினால் உங்கள் கட்டுரைக்கு இன்னொரு படம் கிடைத்தது.

வீழ்படிவு:
ஊசிகள் முடிபோல மெல்லியவை, சிங்கிள் கிரிஸ்டலுக்குத் தாங்காது என்கிறார்கள்.

கண்ணாடிக்குழாய்:
டைகுளோரோமீத்தேன் பக்கமே போகாதீர்கள். எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, மேலே மெதுவாக ஹெக்சேனை அடுக்காக விட்டு, ஆட்டாமல் ஒரு மூலையில் வையுங்கள். குப்பிக்குக் குப்பி கரைப்பான் பெயரும் தேதியும் எழுதுங்கள். விளக்கின் கீழ் அதிக நேரம் வைக்காதீர்கள், இந்த வகை மூலக்கூறு கரைசலில் புற ஊதா பட்டால் வளையம் மூடி பினான்த்ரீனாகும்.

வீழ்படிவு:
சரி அண்ணா. இன்றிரவே மூன்று குப்பி வைக்கிறேன், ஒன்று அசிட்டோனில்.