தூக்கலாமா, தூக்கக் கூடாதா? நேப்பாளச் சிறுவர் இல்லங்களுக்குப் போகும் தொண்டூழியம்

பாகான் மலர்:
நேற்று இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "பள்ளி விடுமுறையில ரெண்டு வாரம் நேப்பாளம் போங்க. இல்லத்துக் கைக்குழந்தைகளத் தூக்கி வச்சு அன்பு காட்டினா போதும், வேற தகுதி எதுவும் வேண்டாம்." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. ரெண்டு வாரத்துக்கு வர்ற ஆள் மூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளையத் தூக்கவே கூடாது. பால் கொடுக்கிறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் தினமும் கூட இருக்கிற தீதியோட (பிள்ளையப் பார்த்துக்கிற அக்காவோட) வேலை. கூட்டம் கூட்டமா வந்து தூக்கிட்டுப் போனா, பிள்ளை யாரப் பார்த்தாலும் கைய நீட்டும். அதப் பாசம்னு படம் புடிச்சுப் போடுறீங்க. யாரும் நிலைக்க மாட்டாங்கன்னு பழகிப்போன பிள்ளைதான் அப்படி எல்லார்கிட்டயும் ஓடும்.

செந்தூல் மாறன்:
அந்தப் பதிவு என்னோடதுதான், பேரச் சொல்லியே திட்டுங்க. பிள்ளை வீல்னு கத்துது, தீதி கையில இன்னும் ரெண்டு பிள்ளை. நான் கையக் கட்டிட்டு நிக்கணுமா? மனுஷன் செய்யிற காரியமா அது?

பாகான் மலர்:
தீதியோட கையக் காலி பண்ணுங்க. துணி துவைங்க, தரையத் துடைங்க, போத்தலக் கழுவுங்க. அதையாவது ஒழுங்காச் செய்யத் தெரியுமா? நிப்பிள், வளையம், போத்தல் மூணையும் பிரிக்கணும். வளையத்துக்குள்ள பால் காஞ்சு ஒட்டியிருக்கும், பிரஷ் விடாட்டி போகாது. கழுவின பிறகு முழுசா முங்கக் கொதிக்க வைக்கணும். பால் மாவு கலக்கும்போது தண்ணி முதல்ல, அதுவும் 70 டிகிரிக்குக் குறையாம. ஸ்கூப்ப மட்டமா வழிச்சுப் போடணும். குமிச்சுப் போட்டா பிள்ளைக்கு மலம் இறுகும், நீர்ச்சத்து குறையும். மிச்சம் புடிக்கத் தண்ணியக் கூட்டினா எடை ஏறாது. கலந்து ரெண்டு மணி நேரத்துல குடிக்காத பாலக் கொட்டிடணும். எந்தப் பிள்ளையையும் தூக்காம இவ்வளவு வேலை இருக்கு.

ஆயர் ஈத்தாம்:
காத்மாண்டு 1,400 மீட்டர் உயரம். அங்க தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடும். மூடி போட்டுக் கொஞ்சம் கூடுதலாவே கொதிக்க விடணும், அதையும் சொல்லுங்க.

பாகான் மலர்:
மாவுக்கு 70 போதும்னுதான் சொன்னேன். 95 அதவிடக் கூடத்தானே?

ஆயர் ஈத்தாம்:
நான் போத்தலச் சொன்னேன். முழுசாப் படிங்க.

செந்தூல் மாறன்:
போத்தல் கதைய விடுங்க. மலேசியாவுலயே ஒரு வயசுக்குக் கீழ மூணு பிள்ளைக்கு ஒரு ஆள், ஒண்ணுல இருந்து மூணு வயசுக்கு அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆள்னு சட்டம் இருக்கு. ஆள் பத்தாத இல்லத்துல ஒருத்தர் போய்த் தூக்குறது எப்படித் தப்பாகும்?

ஜாலான் ஈப்போ:
அது 1984 தாஸ்கா (பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு) சட்டம் அண்ணே. காலையில விட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போற பிள்ளைங்களுக்கு. தங்குற இல்லம் 1993 பராமரிப்பு நிலையச் சட்டத்துல வருது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

செந்தூல் மாறன்:
சட்டத்த மாத்திச் சொன்னா பிள்ளை அழுகைய நிறுத்திடுமா? தூக்கக் கூடாதுன்னு எந்த ஆய்வுல இருக்கு? அந்த வரியக் காட்டுங்க.

பாகான் மலர்:
ருமேனியாவோட புக்காரெஸ்ட்ல 2001ல ஆரம்பிச்ச ஆய்வு. இல்லத்துல இருந்த 136 பிள்ளைகள்ல ஒரு பகுதிய வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பினாங்க. ரெண்டு வயசுக்குள்ள போன பிள்ளைங்கதான் பாசப்பிணைப்புல நல்லாத் தேறினாங்க. ஐ.நா.வோட 2009 வழிகாட்டியும் மூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளக் குடும்பச் சூழல்லதான் வளர்க்கணும்னு சொல்லுது. 2019ல ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் இல்லத் தொண்டூழியத்தால வர்ற கெடுதலையே தனியாச் சொல்லியிருக்கு.

செந்தூல் மாறன்:
இதுல "தூக்காதே"ன்னு எங்க இருக்கு? வளர்ப்புக் குடும்பத்தப் பத்தின ஆய்வக் கொண்டு வந்து என் தலையில கட்டுறீங்க.

பாகான் மலர்:
பிள்ளைக்கு ஒரே ஆள் தொடர்ந்து வேணும், அதத்தான் அந்த ஆய்வும் வழிகாட்டியும் சொல்லுது. ரெண்டு வாரத்துல கிளம்பப் போற கை எப்படித் தொடரும்?

ஜாலான் ஈப்போ:
தூக்குறதுக்கு முன்னாடியே ஒரு தடை இருக்கு. நேப்பாளத்துல சுற்றுலா விசாவுல தொண்டூழியம் செய்யிறதே சட்டவிரோதம். பெரும்பாலான இல்லங்க காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வான்லதான் இருக்கு. எல்லாம் வெளிநாட்டுக்காரங்க புழங்குற மாவட்டம். ஹும்லா மாதிரி மலைப் பக்கத்துப் பெத்தவங்க, பிள்ளை படிக்கும்னு தரகருக்குக் காசு கொடுத்து அனுப்புறாங்க. அம்மா அப்பா உயிரோட இருக்க, பிள்ளைய அநாதைன்னு காட்டுறாங்க. தூக்க ஆள் வர வர, தரகர் இன்னும் பிள்ளை கொண்டு வருவான்.

செந்தூல் மாறன்:
எல்லா இல்லமும் அப்படியா?

ஜாலான் ஈப்போ:
நல்ல இல்லத்தக் கண்டுபிடிக்க வழி இருக்கு. விஸ்மா புத்ரா (நம்ம வெளியுறவு அமைச்சு) கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ இல்லத்துக்காரங்க உங்ககிட்டக் கேட்கணும். உங்களப் பிள்ளையோட தனியா விடவே கூடாது. பெத்தவங்க எப்பப்ப வந்து பார்க்கிறாங்கன்னு கேட்டா பதில் இருக்கணும். எதுவுமே கேட்காம "நாளைக்கே வாங்க"ன்னு சொன்னா, வேற எவனையும் அப்படித்தான் உள்ள விட்டிருப்பாங்க. நேப்பாளம் வரைக்கும் ஏன்? 2024 செப்டம்பர்ல சிலாங்கூர், நெகிரி செம்பிலான்ல 20 இல்லங்கள்ல இருந்து 402 பிள்ளைகளப் போலீஸ் மீட்டுச்சு.

ஆயர் ஈத்தாம்:
தட்டம்மை ஊசியையும் சேருங்க. ரெண்டு ஊசிக்கும் நடுவுல 28 நாளாவது இடைவெளி வேணும். டிக்கெட் எடுத்த பிறகு யோசிச்சா நேரம் இருக்காது. கை கால் வாய் நோய்க்குக் கையில தடவுற ஜெல்ல நம்பாதீங்க. சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவணும்.

செந்தூல் மாறன்:
கைய நல்லாக் கழுவிட்டுத் தூக்கலாம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

ஆயர் ஈத்தாம்:
நான் எங்க அப்படிச் சொன்னேன்?

பாகான் மலர்:
அவர் சொல்லவே இல்ல. பயணத்துக்குச் செலவழிக்கிற காசுல அங்கேயே இன்னொரு தீதிக்குச் சம்பளம் கொடுங்க, பிள்ளையத் தூக்க வருஷம் பூரா ஆள் இருக்கும்.

செந்தூல் மாறன்:
காசு அனுப்பினா யார் பையில போகுதுன்னு நீங்க பார்த்தீங்களா? வரியக் காட்டச் சொன்னேன், இன்னும் காட்டல.

பாகான் மலர்:
2009 வழிகாட்டி, 22வது பத்தி. படிச்சிட்டு வாங்க.

செந்தூல் மாறன்:
படிச்சாச்சு. தூக்குறதப் பத்தி ஒரு சொல் இல்ல.