பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வின் 25 மதிப்பெண்: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

வைகைக்கரையான்:
பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். அந்த 25-ஐ எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. குவிலென்சின் குவியத் தொலைவைக் காணும் சோதனைக்கு என் மகன் ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்த அளவீடுகள், அவன் நண்பர்களின் நோட்டுகளிலும் தசமப் புள்ளிக்குப் பின்னும் மாறாமல் அப்படியே இருந்தன. லென்சைத் தொடாத பிள்ளைக்கும் முழு மதிப்பெண் என்றால், அந்த மதிப்பெண் எதை அளக்கிறது?

அறிவியல் ஆசிரியை:
ஐயா, நீங்கள் சொல்லும் குறை உண்மை. அதற்குச் சொல்லும் தீர்வைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த 25 மதிப்பெண் இருப்பதால்தான் பல பள்ளிகளில் ஆய்வகத்தின் பூட்டே திறக்கிறது. மீட்டர் அளவுகோலை நூலில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எடைக்கல்லும் மறுபக்கம் எடை தெரியாத பொருளும் கட்டிச் சமன்செய்யும் திருப்புத்திறன் சோதனையின்போது, கணக்கென்றாலே ஒதுங்கும் ஒரு மாணவி, "டீச்சர், கல்லைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு மடங்கு எடை வேண்டும்" என்று தானாகவே சொன்னாள். எதிர்விகிதத்தைக் கரும்பலகையில் மூன்று நாள் நடத்தியும் அவளுக்குப் பிடிபடாதது, அன்று கையில் பிடிபட்டது.

வைகைக்கரையான்:
அது உங்கள் உழைப்பின் பலன் அம்மா, மதிப்பெண்ணின் பலன் அன்று. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளிடம் கருத்தாளர்கள் சோதனைப் பொருட்களுடன் வருகிறார்கள். அதற்குப் பொதுத்தேர்வு மதிப்பெண் கிடையாது. பத்தாம் வகுப்பிலும் அப்படியே செய்யலாமே.

அறிவியல் ஆசிரியை:
எட்டாம் வகுப்பில் செய்யலாம். பத்தாம் வகுப்பிலோ, தேர்ச்சி விழுக்காடு கேட்கப்படும் இடத்தில், மதிப்பெண் இல்லாத எதற்கும் பாடவேளை மிஞ்சாது. விளையாட்டுப் பாடவேளை கணக்குக்குப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே மதிப்பெண் இருக்கட்டும், சோதனையின் அமைப்பு மாறட்டும். குவியத் தொலைவு 10, 15, 20 செ.மீ. உள்ள லென்சுகளைக் கலந்து கொடுத்து, சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தின் பிம்பத்தைத் திரையில் பிடிக்கச் சொன்னால், பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிப் பயனில்லை.

வைகைக்கரையான்:
அந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாற்பது பேரின் விடையும் வேறுவேறாக இருந்தால், ஒரே நாளில் யார் சரிபார்ப்பது?

அறிவியல் ஆசிரியை:
ஒவ்வொரு லென்சின் விளிம்பிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். எந்த எண்ணுக்கு எந்தக் குவியத் தொலைவு என்ற பட்டியல் ஆசிரியரிடம் இருக்கும். மாணவர் லென்சின் எண்ணையும் தம் அளவீட்டையும் எழுதித் தந்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.